டயாலிசிஸ் ஊசி: நோவைக் குறைக்கிறேன் என்று செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டைப் பக்கத்து டயாலிசிஸ் யூனிட்களில் வருடாவருடம் புதுப் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். படிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் பழகிய காலத்தில் செய்த கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கை கழுவு, கையுறை மாற்று என்பதை எல்லாம் நான் சொல்லப் போவதில்லை, அது சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. மருந்தும் மரப்புக் களிம்பும் இல்லாமல் ஊசி நோவையும் பயத்தையும் குறைக்கப் பார்க்கும்போது நடக்கிற தவறுகள் மட்டும் இங்கே.

முதலில் ஊசியின் கனத்தை மனதில் வையுங்கள். ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய்) குத்துவது பெரும்பாலும் 16 அல்லது 17 கேஜ், கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு தடவைக்கு இரண்டு ஊசி. வாரம் மூன்று நாள் வருபவருக்கு வருடத்தில் 312 குத்து, இரண்டு நாள் என்றாலும் 208. வள்ளியூரிலும் களக்காட்டிலும் விடிகாலை பஸ் ஏறும்போதே சிலருக்குப் பயமும் கூடவே ஏறிவிடும்.

"வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்"

பொய் என்பது முதல் குத்திலேயே தெரிந்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். "இப்போ குத்தப் போறேன், கொஞ்சம் நோகும், மூச்ச மெதுவா விடுங்க" என்றால் போதும். ஊசியைப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள். சிலருக்குப் பார்த்தால்தான் தைரியம்.

நோகாத இடம் என்று ஒரே இடத்தில் குத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

"அங்கனயே குத்துங்க தம்பி, அங்கதான் நோகாது." எல்லா யூனிட்டிலும் கேட்கிற பேச்சு இது. அவர் சொல்வது உண்மையும்கூட. திரும்பத் திரும்பக் குத்திய இடத்தில் தழும்பேறி உணர்ச்சி குறைந்துவிடும். ரத்தக்குழாயும் அங்கே விரிந்திருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் உள்ளே போகும். நோயாளிக்கு நோவு இல்லை, குத்தின பையனுக்கு "நல்ல கை" என்று பேர். கேடு எல்லாம் ஃபிஸ்டுலாவுக்கு.

ஒரே இடத்தில் குத்தக் குத்த, குழாயின் சுவர் தளர்ந்து வீங்கும். மேல்தோல் மெலிந்து பளபளக்கும். வீக்கத்தை ஒட்டிய பகுதி சுருங்கி அடைப்பும் வரலாம். மெலிந்த தோல் ஒரு நாள் புண்ணாகி உடைந்தால், ரத்தம் பீறிட்டு நிமிடக் கணக்கில் உயிருக்கே ஆபத்து.

நாங்குநேரிப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வேறொரு இடத்திலிருந்து எங்களிடம் மாறி வந்தார். இடது முன்கையில் நெல்லிக்காய் அளவுக்கு இரண்டு வீக்கம், ஒன்றின் உச்சியில் காயாத பொருக்கு. "இந்த ரெண்டு எடத்துலதான் குத்தணும், வேற எங்க குத்துனாலும் உசுரு போவுது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பொருக்கைப் பார்த்ததும் ஊசி உறையைப் பிரிக்காமல் டாக்டரைக் கூப்பிட்டோம். கடைசியில் அந்த ஃபிஸ்டுலாவை மூட வேண்டியதாயிற்று. அதுவரை டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் கதீட்டர் என்ற குழாயைப் போட்டார்கள், அதற்குக் கிருமி பயம் தனி. வலது கையில் புது ஃபிஸ்டுலா வைத்து, அது தேறி வரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தார். இடம் மாற்றிக் குத்த வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லையாம். குத்தியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அண்ணாச்சி முகம் சுளிப்பதைப் பார்க்க அவர்களுக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது கயிற்றேணி முறை. குழாயின் நீளம் முழுவதையும் பயன்படுத்தி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிக் குத்திக்கொண்டே போய், மேலே எட்டியதும் மறுபடி கீழிருந்து தொடங்குவது. ஃபைலில் கையின் படம் ஒன்றை வரைந்து, குத்திய இடத்தில் புள்ளி வைத்துத் தேதி போடுங்கள். ஷிப்ட் மாறினாலும் அடுத்த ஆளுக்குத் தெரியும். புது இடம் நோகத்தான் செய்யும். ஐஸ், பேச்சு, பாட்டு, மூச்சு எல்லாம் அந்த நோவைத் தாங்க வைப்பதற்குத்தான்.

"அப்போ பட்டன்ஹோல் மட்டும் சரியா?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அது வேண்டுமென்றே ஒரே துளையில் குத்தும் தனி முறை: ஒரே கோணம், ஒரே ஆழம். பாதை அமையும்வரை குத்துவதும் ஒரே ஆள். அப்புறம் மழுங்கல் ஊசி, ஒவ்வொரு தடவையும் பொருக்கைச் சுத்தமாக எடுத்தாக வேண்டும். இத்தனைக்கும் மேல் தொற்று அபாயம் கூடுதல். ஷிப்டுக்கு ஒரு ஆள் குத்துகிற யூனிட்டில் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு ரூபாய்க் காசு அளவு வட்டத்துக்குள் குத்திக்கொண்டிருப்பது வெறும் சோம்பேறித்தனம்.

ஐஸை ஃபிஸ்டுலா மேலேயே வைப்பது

குளிரில் குழாய் சுருங்கும், குத்துவது இன்னும் சிரமமாகும். ஐஸ் மறு கைக்கு. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் துணி சுற்றிய ஐஸ்கட்டியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். டெல்லி எய்ம்ஸில் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், மறு கையில் இப்படி ஐஸ் வைத்தபோது ஊசி நோவு குறைந்தது. குளிரும் தேய்ப்பும் நரம்பு வழியே போய், ஊசி நோவு ஏறும் வாசலைத் தண்டுவடத்தில் கொஞ்சம் அடைக்கின்றன என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த கோட்பாட்டை வைத்து இதை விளக்குவார்கள். குத்துவதற்குச் சில நிமிடம் முன்பே தொடங்கி, இரண்டு ஊசியும் ஏறும்வரை தேய்க்கணும். நம் பிள்ளைகள் ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் ஐஸைத் தேடுகிறார்கள். சர்க்கரையால் கை மரத்துப் போனவருக்கு இது வேண்டாம், குளிர் சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

"சாப்ட்டீங்களா?" என்று பேச்சுக் கொடுப்பது

"ஆமா" என்று ஒரே வார்த்தையில் முடிந்து, கண் மறுபடி ஊசிக்குப் போய்விடும். நீளமாக விளக்க வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள்.

ஆலங்குளத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு அம்மா வருவார். ஊசியைக் கண்டாலே கை நடுங்கும். ஒரு நாள் எங்கள் சிஸ்டர், "பீடி எப்படிம்மா சுத்துவீய?" என்று கேட்டார். இலையை நனைத்து வைப்பதில் தொடங்கி, தகட்டை வைத்துக் கத்திரியால் வெட்டுவது, தூள் எவ்வளவு அள்ளுவது என்று சொல்லிக்கொண்டே சும்மா இருந்த கையின் விரல்களால் காற்றில் சுருட்டிக் காட்டினார். சுற்றிய பீடியைக் கழித்துப் போடுகிற ஏஜெண்டை வைய ஆரம்பித்தபோது இரண்டாவது ஊசியும் உள்ளே போயிருந்தது.

ஸ்பிரிட் காயுமுன் குத்துவது

எரியும். காய விடுங்கள்.

எல்லாருக்கும் ஒரே பாட்டு

பாட்டு உதவும். ஆனால் அவர் போனில், அவருக்குப் பிடித்ததாக இருக்கணும். யூனிட் டிவியில் ஓடுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஊசி உள்ளே இருக்கும்போதே பஞ்சை வைத்து அழுத்துவது

நோவும், குழாயும் கிழியும். ஊசி முழுக்க வெளியே வந்த பிறகு அழுத்துங்கள்.

மூச்சை அடக்கி முக்கச் சொல்வது

நோவு குறைகிறது என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் நம்மிடம் வருபவர்களில் பலர் சர்க்கரைக்காரர்கள். கண்ணுக்குள் ரத்தக் கசிவு, அண்மையில் கண் ஆபரேஷன், இதயக் கோளாறு என்று ஏதாவது இருந்தால் முக்கவே கூடாது. ஃபைலைப் பார்த்து, டாக்டரிடம் கேட்ட பிறகு சொல்லிக்கொடுங்கள். அதுவரை மெதுவாக மூச்சை இழுத்து விட்டால் போதும்.