பி53 தேடும்போது எச்1299-க்கும் ஒரு குழி ஒதுக்குங்கள்

புற்றைத் தடுக்கும் புரதமான பி53-க்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் சோதனை) போட வேண்டும் என்று யார் வந்தாலும், "எந்த செல்லில்?" என்றுதான் முதலில் கேட்பேன். எந்த ஆன்டிபாடி, எவ்வளவு நீர்க்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் இருந்தது ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுச் செல் மட்டும்தான். மனிதச் செல்தானே, பி53 கட்டாயம் இருக்கும் என்று அதையே பாசிட்டிவ் கன்ட்ரோலாக, அதாவது பட்டை வந்தே தீர வேண்டிய மாதிரியாக, வைத்தேன். மூன்று முறை ஓட்டியும் பட்டை விழவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, புதுக் குப்பி கேட்டு எழுதியும் கொடுத்துவிட்டேன். பக்கத்து மேசை அக்கா தான் வைத்திருந்த எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லின் லைசேட்டில் (செல்லை உடைத்தெடுத்த கரைசல்) கொஞ்சம் கொடுத்தார். அதே குப்பி, மறுநாள் பளிச்சென்று பட்டை. ஹீலாவுக்குள் எச்பிவி-18 வைரஸின் மரபணுக்கள் இருக்கின்றன. அந்த வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. குப்பியில் ஒரு குறையும் இல்லை.

நான் பயன்படுத்தும் பி53 ஆன்டிபாடி டிஓ-1. சுண்டெலியிலிருந்து உருவாக்கிய மோனோகுளோனல், அதாவது ஒரே வகை ஆன்டிபாடி. மனித பி53-இன் 393 அமினோ அமிலங்களில், முன்முனையில் 20 முதல் 25 வரையுள்ள சிறு துண்டைத்தான் அது பிடிக்கும். இயல்பான பி53, திரிபடைந்த பி53 இரண்டையும் ஒன்றுபோலவே காட்டும். அதனால் பட்டை வந்தது என்பதற்காக, புற்றைத் தடுக்கும் வேலையை அந்தப் புரதம் செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். எம்டிஏ-எம்பி-468 என்ற மார்பகப் புற்றுச் செல்லில் உள்ளது திரிபடைந்த பி53; மருந்தே போடாமல் தடித்த பட்டை தரும். முன்முனை இல்லாத குறு வடிவங்களை டிஓ-1 காணாது. சுண்டெலிச் செல்லுக்கும் இது உதவாது.

எம்சிஎஃப்-7 இரண்டு கிணறுகளில் வளருங்கள். ஒன்றில் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் டாக்ஸோருபிசின் மருந்தை 0.5 மைக்ரோமோலார் போட்டு 16 மணி நேரம் விடுங்கள். சாதாரண நிலையில் எம்டிஎம்2 என்ற புரதம் பி53-ஐத் தொடர்ந்து அழித்துக்கொண்டே இருக்கும். பி53-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நிமிடம்தான். டிஎன்ஏ சேதமானால் அந்தப் பிடி தளர்ந்து பி53 சேரும். மூன்றாவதாக எச்1299 என்ற நுரையீரல் புற்றுச் செல். அதில் பி53 கிடையவே கிடையாது. அந்த லேனிலும் (ஜெல்லில் அந்த மாதிரி ஓடும் பாதை) அதே உயரத்தில் பட்டை தெரிந்தால், நீங்கள் பார்ப்பது பி53 அல்ல. ஜெல்லில் இடம் போதவில்லை என்றால் வேறு எதை வேண்டுமானாலும் விடுங்கள், இதை விடாதீர்கள்.

செல்லை ஐஸ் மேலேயே உடையுங்கள். செல்லை உடைக்கும் ரிப்பா பஃபரில், புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை அடக்கும் புரோட்டியேஸ் தடுப்பானை அன்றன்றைக்குச் சேருங்கள். லேனுக்கு 30 மைக்ரோகிராம், 10 சதவீத ஜெல். பிவிடிஎஃப் சவ்வை மெத்தனாலில் நனைத்துவிட்டு, ஜெல்லில் உள்ள புரதங்களை அதற்கு டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். முடிந்ததும், புரதத்தைச் சிவப்பாகக் காட்டும் பான்சோ சாயம் ஊற்றிப் பாருங்கள். எல்லா லேனும் ஒரே அளவு சிவந்திருக்க வேண்டும். நடுவில் வட்டமாக வெளுத்திருந்தால் அங்கே காற்றுக்குமிழி இருந்திருக்கிறது. அந்தச் சவ்வுக்கு ஆன்டிபாடி செலவழிக்காதீர்கள்.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க, சவ்வை 5 சதவீத ஆடையில்லாப் பால்பொடிக் கரைசலில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு டிஓ-1, 1:1000 விகிதத்தில், 4 டிகிரியில் இரவு முழுக்க. காலையில் டிபிஎஸ்டி என்ற கழுவும் பஃபரில் மூன்று கழுவல், பத்துப் பத்து நிமிடம். எச்ஆர்பி என்ற நொதி இணைத்த ஆன்டி-மவுஸ் (டிஓ-1-ஐப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) 1:5000, ஒரு மணி நேரம். இந்தக் கரைசலில் சோடியம் அசைடு கலந்துவிடக் கூடாது. எச்ஆர்பி வேலை செய்யாது. மறுபடி மூன்று கழுவல், அப்புறம் எச்ஆர்பியால் ஒளிரும் ஈசிஎல் கரைசலை ஊற்றி முதலில் 10 வினாடி படம் எடுங்கள்.

பட்டையை 53 கிலோடால்டன் அருகில் தேடுங்கள். அமினோ அமிலங்களைக் கூட்டினால் ஏறக்குறைய 44தான் வரும். புரோலின் மிகுந்த ஒரு பகுதியால் ஜெல்லில் மெதுவாக இறங்குகிறது, பெயரும் அந்த உயரத்தை வைத்தே வந்தது. லோடிங் கன்ட்ரோலுக்கு (எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் ஏறியதா என்று பார்க்க) நான் எடுப்பது ஜிஏபிடிஎச் என்ற புரதத்துக்கு முயலில் உருவாக்கிய ஆன்டிபாடி; அந்தப் பட்டை 37-இல் விழுவதால் குழப்பம் இல்லை.

இதே டிஓ-1-ஐ வைத்து இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தைக் கரைசலிலிருந்து பிடித்தெடுப்பது) செய்தால், பிளாட்டுக்கும் அதையே எடுக்காதீர்கள். ஆன்டிபாடியின் கனச் சங்கிலி (அதன் பெரிய புரதத் துண்டு) 50 கிலோடால்டனில் வந்து பி53-ஐ மறைத்துவிடும். அந்த இடத்தில் முயல் ஆன்டிபாடிக்கு மாறிக்கொள்ளுங்கள்.