சுண்ணாம்புப் பூச்சில் விழுந்த குழிகள்

அணைக்கட்டு அருகே நாங்கள் கட்டும் வீட்டின் செங்கல் சுவரில், சுண்ணாம்புச் சாந்து பூசிய 10ஆம் நாளிலிருந்து பட்டாணி அளவுக் குழிகள் விழத் தொடங்கின. உப்பு இருக்குமோ என்று மணலைக் கழுவினேன். சாந்தில் சேர்க்கும் கடுக்காய் ஊறல் நீரைக் கூட்டினேன். வேலூர் வெயிலுக்கு அஞ்சி ஈரச் சாக்கும் தொங்கவிட்டேன். 12 நாள் வீணாயிற்று.

உதிர்ந்த சில்லுகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான், ஒவ்வொன்றின் உட்புறத்திலும் கடுகளவு வெள்ளைப் பரல் ஒட்டியிருப்பது தெரிந்தது. அது முழுதும் நீறாத, அதாவது தண்ணீரோடு சேர்ந்து முற்றிலும் பொடியாகாத, சுண்ணாம்பு. பூசிய பிறகு ஈரத்தை உறிஞ்சி நீறிப் பருத்து, மேற்பூச்சை வெளியே தள்ளியிருக்கிறது. இரண்டே நாள் நீற்றியதுதான் பிழை.

பழைய பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டு, நன்கு நீற்றிய சுண்ணாம்பை மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே நீர் நிற்கும்படி 30 நாள் தொட்டியில் ஊறவைத்துப் பூசினோம். இரண்டு மாதமாகியும் ஒரு குழிகூட விழவில்லை, பெரும் நிம்மதி.