வாஷிங் மெஷின் தண்ணியில் போகும் பிளாஸ்டிக் பஞ்சு: பழைய வேட்டியால் பிடிப்பது எப்படி?

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேரளாவில் இருந்தாலும் மழை குறைவு. அதனால் துணி துவைத்த தண்ணியைத் தென்னைக்குத் திருப்பிவிடுவோம். போன கோடையில் வட்டப்பாத்தியைக் கொத்தும்போது மேல்மண் ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. பிரித்துப் பார்த்தால் சாம்பல் நிறப் பஞ்சு. நடுநடுவே மகளின் நீல லெக்கிங்ஸ் நிறத்தில் மயிரிழை மாதிரி நூல். சருகும் சாணமும் மக்கிப் போயிருக்க, அது மட்டும் மக்கவில்லை.

பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாமே பிளாஸ்டிக் நூல்தான். துவைக்கையில் உரசி உரசி உதிர்கிற துணுக்கைத்தான் மைக்ரோஃபைபர் என்கிறார்கள். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேல் இழை உதிரலாம் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2016இல் கணக்கிட்டது. தோட்டம் வேண்டாமென்று ஓடையில் விட்டால் சித்தூர்ப்புழை, அங்கிருந்து பாரதப்புழை, கடைசியில் பொன்னானிக் கடல்.

1. துணியைப் பிரியுங்கள். ஜெர்சி, லெக்கிங்ஸ், சிந்தெடிக் புடவை, யூனிஃபார்ம் ஒரு குவியல். பருத்தி இன்னொரு குவியல். ஜீன்ஸை சிந்தெடிக்கோடு போடாதீர்கள், முரட்டுத் துணி தேய்த்தே இழையைப் பிய்க்கும். பருத்தியும் உதிரும், ஆனால் மக்கிவிடும்.

2. நிறையச் சேர்த்து, குறைந்த நேரம். நாலு துணிக்குத் தொட்டி நிறையத் தண்ணி விடுவதுதான் பெரிய தப்பு. துணிக்குத் தண்ணி அதிகமானால் இழையும் அதிகம் உதிரும். முக்கால் தொட்டி துணி சேரட்டும். பச்சைத்தண்ணியே போதும். செமி ஆட்டோமேட்டிக்கில் சிந்தெடிக்குக்கு நான் 6 நிமிஷம்தான் வைக்கிறேன்; கறை இருந்தால் முன்பே ஊறவைத்துவிடுவேன். புதுத் துணி முதல் சில துவைப்பில்தான் அதிகம் உதிர்க்கும் என்பதால் அப்போது அடுத்த படியைத் தவறவிடாதீர்கள்.

3. வேட்டிப் பை. மெஷினுக்குள் இருக்கும் வலைப்பை பெரிய நூலைத்தான் பிடிக்கும். நெருக்கமாக நெய்த பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துத் தலையணை உறை அளவுக்குப் பையாகத் தையுங்கள். தோர்த்து (கேரள மெல்லிய துண்டு) சரிவராது, அதன் நெசவு நெருக்கமாக இருக்காது. சின்னப் பை தைத்தால் உடனே அடைத்துக்கொள்ளும். முதலில் நான் அப்படித்தான் தைத்து, சோப்புத்தண்ணி வராந்தா முழுக்க வந்தது.

செமி ஆட்டோமேட்டிக்கில் தண்ணி தானாக இறங்கும். அதனால் குழாய் நுனியில் பையை மாட்டி, சைக்கிள் டியூப் துண்டால் கட்டி, தரையில் படுக்க வைத்தால் போதும். பை பானை மாதிரி உப்பினால் குமிழைத் திருப்பி நிறுத்தி, வடிந்ததும் மறுபடி திறந்துவிடுங்கள். ஸ்பின் தண்ணியும் அதே குழாயில் வந்தால் அது முடியும்வரை கழற்றாதீர்கள்.

முழு ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் குழாயில் பையை கட்டவே கூடாது. அதில் பல மாடல்களில் பம்ப்தான் தண்ணியைத் தள்ளுகிறது, அடைத்தால் மோட்டார் திணறும். வடிகாலுக்கு மேல் ஒரு கம்பியில் பையை வாய் திறந்த மாதிரி தொங்கவிட்டு, தண்ணி அதற்குள் விழும்படி குழாயை வையுங்கள். நிறைந்தால் வழிந்து போகட்டும்.

எல்லா இழையும் பையில் சிக்காது, மிக நுண்ணியவை தப்பிவிடும். ஆனாலும் நாலு துவைப்புக்குப் பின் உள்பக்கத்தைத் திருப்பினால் கம்பளித் துண்டு மாதிரி ஒட்டியிருக்கும்.

4. பிடித்ததை என்ன செய்வது? பையைக் குழாயடியில் அலசினால் செய்த வேலை அத்தனையும் வீண். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து உரித்தெடுங்கள். மெஷினின் வலைப்பையையும் காய்ந்த பிறகு கையாலேயே உருவுங்கள். அடுப்பில் போடாதீர்கள், அது பிளாஸ்டிக் புகை. உரித்ததைப் பால் கவரில் அடைத்து முடிச்சுப் போட்டு வைத்தால், மாதாமாதம் பிளாஸ்டிக் எடுக்க வரும் ஹரித கர்ம சேனை அக்காவிடம் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பை சில மாதத்தில் நைந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நெசவு விட்டிருந்தால் மாற்றுங்கள். அதற்கென்றே மாமனாரின் இன்னொரு வேட்டியை எடுத்து வைத்திருக்கிறேன்.