வெளிநாட்டில் வளரிளம் பிள்ளைகளோடு தன்னார்வப் பணி: நெல்லையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு பட்டம் முடித்துவிட்டு, மேற்படிப்புக்கோ வேலைக்கோ போவதற்கு முன் ஓராண்டு வெளிநாட்டில் தன்னார்வலராக இருந்து வரலாம் என்று எண்ணுகிறவர்களுக்காக, அதிலும் குறிப்பாக அங்குள்ள பதின்ம வயதுப் பிள்ளைகளோடு இளைஞர் மையங்களில் பணியாற்ற விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இவர்களில் பலர் முதலில் கேட்பது விசாவைப் பற்றித்தான். ஆனால், முதலில் செய்ய வேண்டிய வேலை வேறு: நம்மூர்ப் பிள்ளைகளோடு ஆறு மாதமாவது வாரம் தவறாமல் பழகிப் பார்ப்பது. தன் தெருவில் உள்ள பதினைந்து வயதுப் பையனோடு ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லாமல் உட்கார்ந்திருக்க முடியாதவருக்கு, மொழியும் தெரியாத ஊரில் அது எளிதாகிவிடாது.

இளைஞர் பணி என்பது டியூஷன் அன்று என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் அங்கே பாடம், மதிப்பெண், ஒழுக்கம் ஆகிய மூன்றில் ஒன்று வந்துவிடும். ஜெர்மனி போன்ற நாடுகளில் இளைஞர் மையம் பள்ளிக்கு வெளியே, சட்டத்தின் ஆதரவோடு நடக்கும் தனி இடம். பிள்ளைகள் தாங்களாக வருவார்கள், தாங்களாகப் போவார்கள். வருகைப் பதிவேடு கிடையாது. மேசைக் கால்பந்து ஆடுவார்கள், சமைப்பார்கள், பாட்டுப் போடுவார்கள், ஒன்றும் செய்யாமல் சோபாவில் சாய்ந்தும் கிடப்பார்கள். அந்தச் சும்மா இருத்தலைப் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதே உங்கள் வேலையின் பெரும்பகுதி. எதையாவது கற்றுக்கொடுத்தே தீர வேண்டும் என்ற துடிப்போடு போகிறவர்கள் முதல் மாதத்திலேயே சோர்ந்துபோகிறார்கள்.

நம்மூரில் எங்கே பழகுவது? கல்லூரியில் படிக்கிறவராக இருந்தால், 1969 முதல் நடந்துவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தை உண்மையாகப் பயன்படுத்துங்கள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் என்பதை வெறும் கையெழுத்துக் கணக்காக முடித்துவிடாமல், ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் போகும் ஊரில் உள்ள பிள்ளைகளோடு முகாம் முடிந்த பிறகும் தொடர்பு வைத்திருங்கள். கல்லூரி முடித்தவர்கள் தேவாலயங்களும் ஜமாத்துகளும் ஊர்ப் பொதுமன்றங்களும் நடத்தும் மாலைநேர மையங்களைத் தேடிப் போகலாம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்தில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்க, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஆறு மணி முதல் எட்டு மணி வரை போய் உட்கார ஓர் இடம் இருந்தால் அதுவே பெரிய காரியம்.

இந்தப் பயிற்சியில் நம் மாவட்டம் உங்களுக்குக் கற்றுத்தரக்கூடியது ஏராளம். பள்ளி மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டிக்கொள்ளும் பழக்கம் இங்கே இன்னும் முற்றாக ஒழியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. நான் பார்த்த ஒரு மாலைநேர மையத்தில் இரண்டு கேரம் பலகைகள் இருந்தன. ஒரே நிறக் கயிறு கட்டிய பையன்கள் ஒரு பலகையிலும், மற்றவர்கள் இன்னொன்றிலும், யாரும் சொல்லாமலே பிரிந்து உட்கார்ந்தார்கள். அங்கிருந்த தன்னார்வலர், கல்லூரி இரண்டாம் ஆண்டுப் பெண், ஒரு சொல்லும் பேசாமல் கேரம் காய்களை ஒரு துணிப்பைக்குள் போட்டு எல்லோரிடமும் நீட்டினார். கறுப்பு எடுத்தவர்கள் இந்தப் பலகை, வெள்ளை எடுத்தவர்கள் அந்தப் பலகை. முதலில் முணுமுணுப்பு, பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. கிளம்பும்போது ஒரு சின்னப் பையன் அந்தப் பெண்ணிடம் கேட்டது ஒன்றுதான்: “யக்கா, நாளைக்கும் வருவியளா?”

பிள்ளைகள் எங்கேயும் உங்களை அளப்பது அந்தக் கேள்வியால்தான். வெளிநாட்டு மையங்களிலும் பிரிவினை உண்டு. எந்த நாட்டிலிருந்து வந்த குடும்பம், வீட்டில் எந்த மொழி, எந்தக் குடியிருப்பு என்று பிள்ளைகள் பிரிந்து நிற்பார்கள். நாங்குநேரியையும் களக்காட்டையும் அறிந்தவருக்கு அதைக் கண்டுகொள்ளும் கண் இருக்கும்; பேச்சைவிட ஒரு விளையாட்டின் விதி எவ்வளவு வேலை செய்யும் என்பதும் தெரிந்திருக்கும். அங்கே நீங்கள் கொண்டுபோகக்கூடிய உண்மையான தகுதி இது.

இனி வழிகள். இந்தியர்களுக்கு ஓரளவு தெளிவாகத் திறந்திருப்பது ஜெர்மனி. அங்கே ‘தன்னார்வச் சமூக ஆண்டு’ என்ற திட்டம் 27 வயதுக்குட்பட்டவர்களுக்கு உண்டு. கட்டாய ராணுவச் சேவை நிறுத்தப்பட்ட 2011-இல் தொடங்கிய ‘கூட்டரசுத் தன்னார்வப் பணி’க்கு மேல் வயது வரம்பில்லை. இரண்டும் வழக்கமாகப் பன்னிரண்டு மாதம். சமூகக் காப்பீட்டுத் தொகையைப் பணியிடமே கட்டும். இளையோருக்கு ஆண்டில் 25 நாள் பயிற்சி வகுப்புகள் உண்டு. மாதந்தோறும் கைச்செலவுப் பணம் கிடைக்கும். 2025-இல் அதன் உச்ச வரம்பு 644 யூரோ. பல இடங்களில் அதைவிடக் குறைவாகத்தான் தருகிறார்கள். தங்குமிடமும் உணவும் அதில் சேர்த்தியா, தனியா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘வெல்ட்வெர்ட்ஸ்’ என்ற அரசு ஆதரவுத் திட்டத்தின் தெற்கு-வடக்குப் பிரிவு நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து 18 முதல் 28 வயது வரையுள்ளவர்களை அழைத்துக்கொள்கிறது. இதற்கு இங்குள்ள ஓர் அமைப்பும் அங்குள்ள ஓர் அமைப்பும் கூட்டாளிகளாக இருக்க வேண்டும். உங்கள் கல்லூரிக்கோ திருச்சபையின் திருமண்டலத்துக்கோ ஜெர்மனியில் அப்படிப்பட்ட தொடர்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பிரிட்டனில் அறப்பணியாளர் விசா என்று ஒன்று உண்டு: அதிகபட்சம் பன்னிரண்டு மாதம், சம்பளம் கிடையாது, உரிமம் பெற்ற அமைப்பு ஒன்று உங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதானால் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். ஐரோப்பிய ஒருமைப்பாட்டுப் படை (ஐரோப்பிய ஒன்றியத்தின் இளைஞர் தன்னார்வத் திட்டம்) என்ற பெயரில் இணையத்தில் வரும் அழகான அறிவிப்புகள், இந்தியாவில் வசிக்கும் நமக்கான தன்னார்வ வாய்ப்புகள் அல்ல. அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வப் பணி செய்துகொள்ளலாம், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிரிட்டனில் சுற்றுலாப் பயணியாகப் போனவர் பதிவுபெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரை உதவலாம் என்ற சிறு விலக்கு இருக்கிறது. அதைக் காட்டி ஓராண்டுக்கு ஆள் பிடிப்பது மோசடி. உண்மையான திட்டத்தில் உங்கள் பெயர், பணியிடம், வேலை நேரம், விடுப்பு, காப்பீடு எல்லாம் குறித்த ஒப்பந்தம் கையில் வரும். ஜெர்மனியின் கூட்டரசுத் தன்னார்வப் பணியில் அந்த ஒப்பந்தத்தை உங்களோடு செய்துகொள்வது ஓர் அரசு அலுவலகமே.

ஆவணங்களில் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாக முக்கியமானது போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ். பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு இதைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கேட்காத அமைப்பைப் பற்றி நீங்கள்தான் சந்தேகப்பட வேண்டும். பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, திருநெல்வேலியிலுள்ள சேவை மையத்துக்கே போய் வரலாம். பாஸ்போர்ட்டில் பழைய முகவரி இருந்தால் காவல் நிலைய விசாரணையால் நாளாகும் என்பதால் முன்னதாகவே தொடங்குங்கள். ஜெர்மன் விசாவுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

மொழிக்கு ஓராண்டு ஒதுக்குங்கள். அடிப்படை நிலைச் சான்றிதழை வைத்து விசா வாங்கிவிடலாம். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைகள் கேலியும் கொச்சையுமாகப் பேசும்போது அந்தச் சான்றிதழ் கைகொடுக்காது. மிஷனரிகளாக வந்தவர்களில், 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸையும், 1901-இல் தோனாவூருக்கு வந்து 1951-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்த ஏமி கார்மைக்கேலையும் இந்தச் சீமை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது என்றால், அவர்கள் தமிழை உழைத்துக் கற்றார்கள், நெடுங்காலம் தங்கினார்கள் என்பதும் அதற்குக் காரணம். அவர்கள் கருத்துகள் எல்லாவற்றோடும் உடன்பட வேண்டியதில்லை. ஓராண்டு என்பது எவ்வளவு சிறியது என்பதை அவர்களை நினைத்தால் உணரலாம். ஆகவே, நீங்கள் போனதும் நின்றுபோகும் புதிய திட்டங்களைத் தொடங்காமல், அங்கே ஏற்கெனவே நடப்பதற்குத் தோள் கொடுங்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த மையத்தின் பொறுப்பாளரோடு காணொளியில் பேசுங்கள். நீங்கள் பிள்ளைகளோடு தனியாக விடப்படுவீர்களா? ஒரு பிள்ளை தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும்? வாரம் ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து பேச ஒருவர் உண்டா? முந்தைய தன்னார்வலர் ஒருவரோடு பேச முடியுமா? இந்த நான்குக்கும் தயங்காமல் விடை வந்தால் நல்ல இடம். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரையும் அந்த அழைப்பில் உட்கார வையுங்கள்.

போன பிறகு நடத்தை விதிகளை விட்டுக்கொடுக்காதீர்கள். இதில் எனக்குக் கண்டிப்பு அதிகம். பிள்ளையின் ரகசியத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. நம் நாட்டில் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது தண்டனைக்குரியது. அங்கே சட்டம் வேறாக இருந்தாலும் மையத்தின் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லிவிடுவது உங்கள் கடமை. பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகளின் படத்தை எடுத்து ஊருக்கு அனுப்பாதீர்கள். சொந்த எண்ணிலிருந்து இரவில் அவர்களோடு அரட்டையடிக்காதீர்கள். ஜெர்மனியில் 16 வயதானவர் சட்டப்படியே பீர் வாங்கலாம். அதைப் பார்த்து அதிர்ச்சியைக் காட்டவும் வேண்டாம், சேர்ந்து குடிக்கவும் வேண்டாம். மையத்துக்குள் எது அனுமதி என்பதைப் பொறுப்பாளரிடம் கேட்டு அதன்படி நில்லுங்கள். உங்கள் மதத்தைப் பற்றியோ சாதியைப் பற்றியோ பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல், பிரசாரமாகவும் ஆக்காமல், கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள்.

நவம்பர், டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். வீட்டு நினைப்பு அப்போதுதான் வாட்டும். பயிற்சி வகுப்புகளில் சந்திக்கும் பிற நாட்டுத் தன்னார்வலர்களோடு அதற்கு முன்பே நட்பு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் தேதியைப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். நட்டாற்றில் விட்டுப் போகும் பெரியவர்களை ஏற்கெனவே பார்த்த பிள்ளைகள் அந்த மையங்களில் பலர் உண்டு. அடுத்து வருபவருக்கு, எந்தப் பிள்ளைக்கு எந்த விளையாட்டுப் பிடிக்கும், யாரோடு யார் சேர மாட்டார்கள் என்பதுபோன்ற அன்றாடக் குறிப்புகளை எழுதிப் பொறுப்பாளரின் ஒப்புதலோடு கொடுங்கள். பிள்ளைகள் நம்பிச் சொன்ன வீட்டு விஷயங்கள் அதில் வேண்டாம். பணிச் சான்றிதழைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாமல் கேட்டு, ஆங்கிலப் படி ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொண்டால், ஊர் திரும்பிச் சமூகப்பணி முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது அலைய வேண்டியிருக்காது.