சுவிட்சைப் போடும் முன் விடையை எழுதச் சொல்லுங்கள்

ஸ்மார்ட் போர்டில் வீடியோவை ஓடவிட்டு ஓரமாக உட்காருவதைப் பாடம் நடத்துவது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வகுப்பு அமைதியாக இருக்கும், உண்மைதான். மண்டையில் ஏறியதா என்பது வேறு கேள்வி.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலுக்கு நான் நம்புவது ஃபெட் (PhET) இணையதளத்தின் மின்சுற்று சிமுலேஷன்; பேட்டரி, பல்பு, கம்பியைத் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கி வைத்த முயற்சி அது. காசு கிடையாது. முந்தின நாளே இறக்கி பென் டிரைவில் போட்டுக்கொண்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். பள்ளி வைஃபையை நம்பி வகுப்புக்குள் நுழையாதீர்கள்.

திறந்ததும் மின்னோட்டத்தைக் காட்டும் பெட்டியிலும் மதிப்புகளைக் காட்டும் பெட்டியிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேட்கும் முன்பே திரை விடையைச் சொல்லிவிடும். ஒரு பேட்டரி, ஒரே மாதிரி இரண்டு பல்பு, திறந்த சுவிட்ச், எல்லாம் தொடரிணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக. இப்போது கேளுங்கள்: சுவிட்சைப் போட்டால் எந்த பல்பு அதிக வெளிச்சம் தரும்?

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. விடையையும் காரணத்தையும் ஒவ்வொருவரும் பேனாவால் நோட்டில் எழுத வேண்டும். பென்சில் என்றால் அழித்துவிடுவார்கள். கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் போர்டில் எழுதுங்கள். அப்புறம், வேறு விடை எழுதிய ஒருவரைத் தேடிப் பேசச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் தன் இயற்பியல் வகுப்புகளில் பிரபலமாக்கிய முறை இது. நம் வகுப்பில் சத்தம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. "முதல் பல்பே கரண்ட்டைக் குடிச்சிடும் மிஸ், ரெண்டாவதுக்கு மிச்சம்தான் போகும்" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். திருத்தாதீர்கள். மறுபடி கை தூக்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். இரண்டும் ஒரே அளவில் எரியும்.

அதோடு விட்டால் பாதிப் பேர் கண்கட்டு வித்தை என்றே நினைப்பார்கள். முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதுக்குப் பின் என மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் மூன்று வையுங்கள். மூன்றும் 0.45 ஆம்பியர் காட்டும். பேட்டரி 9 வோல்ட், பல்பு ஒவ்வொன்றும் 10 ஓம் என்று சொல்லிக் கணக்கை அவர்களையே போட வையுங்கள். ஒவ்வொரு பல்புக்கும் தனிப் பாதை இருக்கும் பக்க இணைப்புக்கும் இதே வரிசைதான்: பல்புக்கு 0.9 ஆம்பியர், பேட்டரியிலிருந்து 1.8 ஆம்பியர்.

பின்பெஞ்சுக்காரர்கள் பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்து, அதாவது குறுக்குச் சுற்று போட்டு, திரையில் இருக்கும் பேட்டரியைத் தீப்பிடிக்க வைக்கத்தான் ஆசைப்படுவார்கள். அதை ஆரம்பத்திலேயே இரண்டு நிமிடம் செய்ய விட்டுவிடுவது நல்லது.

அடுத்த பீரியடில் நிஜ டார்ச் பல்புகள் கட்டாயம். திரையோடு நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. கடையில் வாங்கிய இரண்டு பல்புகள் பெரும்பாலும் ஒரே அளவில் எரியாது, "பார்த்தீங்களா மிஸ்!" என்று பழைய கட்சி உயிர்பெறும். பல்புகளை இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். மங்கலாக எரிந்த பல்பு புது இடத்திலும் மங்கலாகவே எரிந்தால், காரணம் வரிசையா, பல்பின் மின்தடையா என்று நோட்டில் எழுதட்டும். அதுவும் பேனாவால்தான்.