மெல்ல வந்தால் நெருங்கும், கையை வீசினால் ஓடும்: திரையில் ஓர் உயிர்க்கூட்டம் செய்வோம்

1970-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் 'சென்ஸ்டர்' என்ற இயந்திரச் சிற்பம் காட்சிக்கு வந்தது. எட்வர்ட் இஹ்னாடோவிச் செய்தது. மெல்லப் பேசினால் தலையை உங்கள் பக்கம் கொண்டுவரும்; கத்தினால் பின்வாங்கும். அந்தக் கூச்சம்தான் அதை உயிருள்ளதாகக் காட்டியது என்பது என் எண்ணம். ஒரு லேப்டாப், வெப்கேம், புரொஜெக்டர் இருந்தால் அதே கூச்சத்தை நாமும் கொண்டுவரலாம்.

1. கூட்டம்

பி5.ஜேஎஸ் (p5.js) என்பது படம் வரையவும் அசைக்கவும் உதவும் நிரல் தொகுப்பு; இலவசம், பிரவுசரிலேயே ஓடும். நூறு புள்ளிகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் வேகமும் கொடுங்கள். அப்புறம் கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986-இல் உருவாக்கிய 'பாய்ட்ஸ்' முறையின் மூன்று விதிகள்: மிக நெருங்கினால் விலகு, அக்கம்பக்கம் போகும் திசையில் போ, அவற்றின் நடுவை நோக்கி நகரு. தலைமை தாங்க யாரும் இல்லாமலே பறவைக்கூட்டம் போலத் திரளும். ஆளே இல்லாதபோதும் பார்க்கப் பிடிக்கிற அளவுக்கு இது வந்த பிறகே கேமராவைத் தொடுங்கள்.

2. கண்

கேமராப் படத்தை 64×48 பிக்சலாகச் சுருக்குங்கள், அது போதும். ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்தையும் முந்தைய படத்தோடு ஒப்பிடுங்கள். வெளிச்சத்தின் அளவு 0 முதல் 255 வரை; அது 30-க்கு மேல் மாறியிருந்தால் அங்கே அசைவு. அசைந்த பிக்சல்களின் சராசரி இடம்தான் ஆள் நிற்கும் இடம்; எதுவும் அசையாவிட்டால் கடைசியாகக் கண்ட இடம். அவற்றின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாக அசைகிறார் என்பதைச் சொல்லும். கண்ணாடியில் தெரிவது போல, படத்தின் இடவலத்தைத் திருப்பிப் போட மறக்காதீர்கள்.

3. பயம்

உயிர் வருவது இங்கேதான், அவசரப்படாதீர்கள். 'பயம்' என்று ஒரு எண், 0 முதல் 1 வரை. வேகமான அசைவு வந்தால் சட்டென்று 1. இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் 0.99-ஆல் பெருக்குங்கள். நொடிக்கு 30 படம் ஓடினால், பயம் பத்தில் ஒன்றாகக் குறைய ஏழெட்டு நொடி ஆகும். பயம் அதிகமாக இருந்தால் ஆளை விட்டு ஓடட்டும், குறைந்தால் மெல்ல நெருங்கட்டும். 'குறைவு' என்பதன் எல்லையைப் புள்ளிக்குப் புள்ளி கொஞ்சம் மாற்றுங்கள். அப்போது, அசையாமல் கை நீட்டி நிற்பவரிடம் துணிச்சலான ஒன்று முதலில் வரும். மற்றவை தூரத்திலேயே சுற்றும், பிறகு ஒவ்வொன்றாக வரும். சொன்ன உடனே ஓடிவரும் கூட்டத்தைவிட இதற்குத்தான் மக்கள் காத்து நிற்பார்கள்.

4. அறை

கேமரா திரையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் புள்ளிகளின் அசைவையே ஆளின் அசைவாக எடுத்துக்கொண்டு, கூட்டம் தன்னைக் கண்டு தானே மிரளும். திரைக்குப் பக்கத்தில் வைத்து, ஆளை நோக்கித் திருப்புங்கள். புரொஜெக்டர் வெளிச்சம் ஆள் மேல் விழுந்தாலும் இதே சிக்கல்தான். முடிந்தால் திரைக்குப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சுங்கள். ஆளுக்கு மட்டும் மேலிருந்து ஒரு மங்கலான, மாறாத விளக்கு.

இன்னொன்று: வெப்கேம் தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யும்போது படம் முழுவதும் மாறும். பாதிக்கு மேற்பட்ட பிக்சல்கள் ஒரே நேரத்தில் மாறினால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.