மிஞ்சிய பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), பேரீச்சம்பழத்தை முற்றத்துக் குருவிகளுக்குக் கொடுப்பது எப்படி?

பொங்கலுக்கு வாங்கிய பிளம்ஸில் ஒரு பிடி, நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டில் தந்த பேரீச்சம்பழத்தில் நாலைந்து. எங்கள் அலுமாரியில் இப்படி ஏதாவது எப்போதும் மிஞ்சிக் கிடக்கும். இலங்கையின் வடக்கே வன்னியில் சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் ஆடி, ஆவணியில் பாலைப்பழம் முடிந்துவிடும், குளங்களும் வற்றத் தொடங்கும். குருவிகளுக்கு எடுத்துக் கொடுக்க அதுதான் நல்ல நேரம்.

முதலில் பழத்தைப் பாருங்கள். பூஞ்சணம் பிடித்ததும் புளித்த மணம் வருவதும் ஆகாது. கேக்குக்குப் போடும் சீனிப்பாகுப் பழத்துண்டுகள், உப்புப் போட்டு வறுத்த கஜு (முந்திரிப்பருப்பு) இரண்டும் வேண்டாம்.

அடுத்தது ஊறவைப்பது. இதை மட்டும் தவறவிடாதீர்கள். குருவி பிளம்ஸை மெல்லாது, அப்படியே விழுங்கும். காய்ந்த பழம் வயிற்றுக்குள் போய் ஊதும், உடம்பில் இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சும். குடிக்கத் தண்ணீர் தேடி அலையும் காலத்தில் அது பெரிய கொடுமை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் 2 மணித்தியாலம் போட்டு வையுங்கள். விரலால் நசித்தால் மெத்தென்று இருக்க வேண்டும். அப்புறம் பிளம்ஸை இரண்டாக நறுக்குங்கள். பேரீச்சம்பழம் என்றால் கொட்டையை எடுத்துவிட்டு, கடலைப்பருப்பளவு துண்டுகளாக்குங்கள்.

வைக்க ஒரு தேங்காய்ச் சிரட்டை போதும். கண் இருக்கிற பாதியை எடுத்துக் கண்ணைக் குத்திவிட்டால் தண்ணீர் தேங்காது. விளிம்பில் மூன்று துளை போட்டு, தும்புக்கயிறு கட்டி, வேம்பிலோ முருங்கையிலோ தலைக்கு மேல் உயரத்தில் தொங்கவிடுங்கள். பூனை பாயக்கூடிய மதிலும் வேலியும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

காலையில் ஒரு மேசைக்கரண்டி போதும். நான் முதல் தடவை ஒரு கிண்ணம் நிறைய வைத்தேன். மத்தியானத்துக்குள் எறும்பு மொய்த்து, வெயிலில் புளித்து, எல்லாம் வீணாகிவிட்டது. மிச்சத்தைப் பின்னேரத்துக்கு முன் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கீழே விழுந்ததையும் கூட்டி அள்ளுங்கள். பிளம்ஸ் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிரட்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் கழுவுங்கள்.

முதல் சில நாள் ஒன்றும் வராது, பரவாயில்லை. எங்கள் முற்றத்துக்கு முதலில் வந்தது கொண்டைக்குருவி. பிறகு மைனா. புலுனிகள் (தவிட்டுக்குருவிகள்) கூட்டமாக வந்து கீழே பொறுக்கும், அவை கத்துகிற கத்தலில் வீடே எழும்பிவிடும். குஞ்சுகளுக்குப் பூச்சி புழுதான் முக்கியம் என்பதால் மரங்களுக்கு மருந்து அடிக்காதீர்கள்.

குரங்கு கண்டுவிட்டால் ஒரு கிழமைக்குச் சிரட்டையைக் கழற்றி உள்ளே வையுங்கள். பக்கத்தில் குருவிகள் குடிக்கத் தண்ணீர்ச் சட்டி வைத்திருந்தால், அதை மட்டும் எடுக்க வேண்டாம்.